வலது பொத்தானில் செருகிய கட்டை

போன மாதம் டில்லிபாபு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் அவன் இப்போது சங்கச் செயலாளர். காகிதத்தில் பெயர், வயதுக்குக் கீழே கேள்விகள் அச்சடித்திருந்தன. எந்தக் கையால் எழுதுகிறீர்கள்? எந்தக் கையால் பல் துலக்குகிறீர்கள்? எந்தக் கையால் சுத்தியல் பிடிப்பீர்கள்? எந்தக் காலால் பந்தை உதைப்பீர்கள்?

"இன்னாடா இது, ஜோசியமா?" என்று கேட்டேன்.

"ஜோசியமா இருந்தா பரிகாரமாச்சும் சொல்லுவான்ணா. இது சேஃப்டி ஆபீசர் குட்த்தது. பீச்சாங்கைக்காரனையெல்லாம் லிஸ்ட் எடுத்துக்கினு கீறாங்க."

கம்பெனிக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்திருக்கிறார். படித்தவர், சின்ன வயது. எல்லோரையும் உட்காரவைத்துத் திரையில் மூளையின் படத்தைக் காட்டி வகுப்பு எடுத்திருக்கிறார். மூளையின் இடது பாதி வலது கையை நடத்துகிறது, வலது பாதி இடது கையை நடத்துகிறது என்றாராம். அது உண்மையாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு சொன்னதுதான் அநியாயம். இடது கைக்காரனுக்கு மூளை தலைகீழாக வேலை செய்கிறது, பிரஸ்ஸில் நிற்க அவன் லாயக்கில்லை, அவனுக்கும் ஆபத்து, பக்கத்தில் இருப்பவனுக்கும் ஆபத்து என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பேர் லிஸ்டில் விழுந்துவிட்டார்கள். அதில் நிரந்தரமான மூன்று பேரை ஸ்டோருக்கு மாற்றப் போகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகள் ஒன்பது பேரை அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் அத்தாட்சியாக ஒரு பழைய விபத்து அறிக்கையைத் திரையில் போட்டுக் காட்டினாராம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் ஷாப்பில் கஜேந்திரனுக்கு மூன்று விரல் போன விபத்து. காரணம் என்ற இடத்தில், தொழிலாளியின் இடது கைப் பழக்கம் என்று எழுதியிருக்கிறது.

"அதுல ரெண்டாவது சாட்சி உன் கையெய்த்துண்ணா" என்றான் டில்லி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அந்த அறிக்கை பொய். பொய் என்று எனக்குத் தெரியும். முதல் சாட்சி கையெழுத்துப் போட்ட எலெக்ட்ரீஷியன் இறந்துவிட்டார். உயிரோடு இருக்கிற சாட்சி நான் ஒருவன்தான்.

கூட்டத்தில் வந்து பேசு என்றான் டில்லி. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். என் மகள் கல்யாணத்தில் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள் என்று சமையல்கட்டில் போய் நின்றுகொண்டவன். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். சங்கத்து இதழில் போடுவதற்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. எழுத்துப் பிழைகளை டில்லி திருத்தியிருக்கிறான். வேறு எதிலும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ராயபுரத்தில் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பில் பலப்பத்தை இடது கையில் பிடித்தேன். வாத்தியார் என் இடது மணிக்கட்டைப் பெஞ்சுக் காலோடு கயிற்றில் கட்டிவிட்டு, பலப்பத்தை வலது கையில் திணிப்பார். அவிழ்த்துவிட்டால் இடது கை தானாகப் பலப்பத்துக்குப் போகும். மறுபடி கட்டுவார். மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதி முடிக்கும் நேரத்தில் நான் இரண்டு வரி எழுதுவேன். மக்கு என்று பேர் வந்தது. ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். இன்றைக்கும் வலது கையால் எழுதுகிறேன், இடது கையால் ஸ்பானர் பிடிக்கிறேன். டில்லி கொண்டுவந்த காகிதத்தில் என்னை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இருபது வயதில் ஹெல்பராகச் சேர்ந்தேன். லாரி பிரேக்குக்கு வேண்டிய தகடுகளை அடித்துக் கொடுக்கும் ஷாப். தகடு தூக்கினேன், எண்ணெய் போட்டேன், பிறகு ஆபரேட்டர், பத்து வருடத்தில் செட்டர். செட்டர் என்றால் மெஷினில் டை என்கிற இரும்பு அச்சை மாட்டி, உயரம் பார்த்து, போல்ட் இறுக்கி, ஆபரேட்டர் நின்றவுடன் அடிக்கிற மாதிரி தயார் பண்ணிக் கொடுப்பவன். மெஷினில் இருக்கும் எல்லாமே செட்டர் வைத்ததுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விபத்து நடந்தது எண்பது டன் பிரஸ்ஸில். அதன் முன்னால் நின்றால் இடுப்பு உயரத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் ராம் என்கிற கனத்த இரும்புத் தலை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது டைக்குள் எந்தக் கையும் இருக்க முடியாது. மெஷினைச் செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். அது பழைய கிளட்ச். ஒரு தடவை அழுத்திவிட்டால் ராம் இறங்கி, அடித்து, ஏறி, ஒரு சுற்று முடித்துவிட்டுத்தான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியில்லை.

இரண்டு கையாலும் அழுத்தி ஒழுங்காக வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் இருநூறு தகடு அடிக்கலாம். கம்பெனி கேட்டது முந்நூறு. அதற்கு ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருந்தது. வலது பொத்தானை உள்ளே அழுத்தி, அது வெளியே வராதபடி விளிம்பில் ஒரு சின்ன மரக்கட்டையைச் செருகிவிடுவது. அதன்பிறகு மெஷினுக்கு இடது பொத்தான் ஒன்று போதும். ஆபரேட்டரின் இடது கை அந்தப் பொத்தான் மேலேயே கிடக்கும். வலது கை தகட்டை வைக்கும், எடுக்கும், வைக்கும், எடுக்கும். கட்டைகளைச் செதுக்கியவன் நான். பார்சல் பெட்டி மரத்தில் செய்வேன். கெட்டியான மரமென்றால் பொத்தானின் வளையம் உடைந்துவிடும்.

சூப்பர்வைசர் பரசுராமன் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கெட்ட வார்த்தை வராது. சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, "முந்நூறு வேணும்பா. எப்படிங்கிறது உங்க திறமை" என்பார். அவ்வளவுதான். கட்டை வை என்று யாரிடமும் சொல்லமாட்டார். செருகியிருக்கும் கட்டையை ஒரு கணம் பார்ப்பார், பிறகு தகட்டைப் பார்ப்பார். வெளியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தால், அவர்களுக்கு நாலு அடி முன்னால் நடந்துவருவார். கையில் பென்சில் இருக்கும். ஒவ்வொரு மெஷின் தூணிலும் இரண்டு தட்டு தட்டுவார். டக், டக். அந்தச் சத்தம் கேட்டவுடன் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இதையும் யாருக்கும் அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்களுக்கு அது தெரியும். பல வருடம் அப்படியே நடந்தது.

கஜேந்திரனை எல்லோரும் கஜா என்போம். எண்ணூர்ப் பக்கம் கடற்கரைக் குப்பத்துப் பையன், கடலுக்குப் போகிற குடும்பம். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பிறவியிலேயே இடது கைக்காரன், யாரும் அதைக் கட்டிப் போட்டதில்லை. "போட்ல ரெண்டு பக்கமும் வலை இழுக்க கை வேணும்ண்ணா. எங்கப்பன் என்னைப் பாத்து சந்தோசப்பட்டான். ஒரு பக்கத்துக்கு ஆள் கெடைச்சிட்டான்னு" என்பான்.

ஷாப்பில் அவனைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் அவன் டப்பாவிலிருந்து மீன் எடுத்து நீட்டினால், "பீச்சாங்கையால குட்க்காத மாமு, கலீஜு" என்பார்கள்.

"எங்கம்மா கையால வறுத்த மீனு. நான் சும்மா டெலிவரி பாய். வேணாம்னா வுட்ரு, நானே துன்றேன்" என்பான். அதற்குள் நாலு கை மீனுக்கு வந்துவிடும்.

ஒருநாள் மார்க்கெட் வாசலில் கிளி ஜோசியக்காரர் பக்கத்தில் நின்றோம். கிளிக்கு ஒரு கொய்யாத் துண்டு கொடுத்தார்கள். அது இடது காலில் பிடித்துக்கொண்டு தின்றது. கஜா கூட்டத்தைப் பார்த்து, "பாத்துக்கங்க, பீச்சாங்கால்தான்! இது எடுக்கற சீட்டை நம்பிக்கினு பொண்ணு கட்றீங்க, நான் குட்த்தா மீன் வேணாமா?" என்று கத்தினான். ஜோசியக்காரரே சிரித்துவிட்டார்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் நண்டு காட்டினான். விரல்நுனி அளவு நண்டுகள். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்கும், இன்னொன்று சிறுத்திருக்கும். சிலதுக்கு வலதில் பெரிது, சிலதுக்கு இடதில் பெரிது. எல்லாம் வளைக்கு வெளியே நின்று கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. "எந்தப் பக்கம் பெர்சுன்னு அதுங்க சண்டை போட்டு பாத்ததில்லண்ணா" என்றான். நான் கணக்கெடுக்கவில்லை, ஆராய்ச்சியும் பண்ணவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பாதுகாப்பு அதிகாரிக்கு நேரம் இருந்தால் அங்கே போய் அந்த நண்டுகளிடமும் காகிதத்தைக் கொடுத்துப் பார்க்கட்டும்.

எண்பது டன் பிரஸ்ஸில் கஜாவைப் போட்டார்கள். வலது பொத்தானில் கட்டை. அப்படியென்றால் அவனுடைய வேலைக்காரக் கையான இடது கை பொத்தானில் சும்மா கிடக்கவேண்டும். சோம்பேறிக் கையான வலது கை தகட்டை வைக்கவேண்டும். தகடு கோணலாக விழுந்துகொண்டே இருந்தது. இரண்டாம் நாள் என்னிடம் வந்து, "ண்ணா, கட்டையை அந்தப் பொத்தான்ல மாத்தி வெச்சுக் குடேன். இந்த இடதுகை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றான். எனக்குப் புரிந்தது. அந்த ஷாப்பில் வேறு யாருக்கும் அது அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது. கட்டையை இடது பொத்தானுக்கு மாற்றினேன். அன்றைக்கு அவன் அடித்த மாதிரி அந்த மெஷினில் யாரும் அடித்ததில்லை.

கட்டையையே எடுத்து எறிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். எனக்கு அப்போது அப்படித் தோன்றவே இல்லை. கட்டை எந்தப் பக்கம் என்பதுதான் எங்களுக்குக் கேள்வியாக இருந்தது. அந்த ஷாப் எங்களை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

ஷிப்ட் மாறும்போது நான் கட்டையை மறுபடி வலது பக்கம் வைக்கவேண்டும். ஒரு வாரம் அப்படி ஓடியது. ஒருநாள் மறந்துவிட்டேன். அடுத்த ஷிப்ட்காரன் பரசுராமன் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டான். அவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழுமலை, ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு மாதிரின்னு மெஷினை மாத்த முடியுமா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். வலது பக்கமே வை."

கட்டையை வை என்று அவர் வாயால் சொன்னது அந்த ஒருமுறைதான். அங்கே என்னையும் அவரையும் தவிர யாரும் இல்லை. சார், அவன் கை போய்விடும் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். "சரி சார்" என்றேன்.

மறுநாள் காலை ஷிப்ட். கஜா வந்து பொத்தானைப் பார்த்தான். "இன்னாண்ணா, பழையபடி பேஜாரா?" என்றான். சார் சொல்லிட்டார்டா என்றேன். அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டு நின்றான்.

இரண்டு மணி நேரம் இருக்கும். நான் மூன்றாவது மெஷினில் போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தேன். அதன் தூணுக்குப் பக்கமாகக் கஜா தெரிந்தான். வலது கையால் தகட்டை வைத்தான். கோணலாக விழுந்தது. இடது கை அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டது. ராம் கிளம்பிவிட்டது. கோணலைக் கண் பார்த்ததும் இடது கை பொத்தானை விட்டுவிட்டுத் தகட்டை நேராக்கப் போனது. அவன் அனுப்பவில்லை, அது போனது. வலது கைக்காரனுக்குப் பொத்தானில் கிடப்பது சோம்பேறிக் கை. அது எங்கேயும் ஓடாது. இவனுக்கு அழுத்தின கையும் திருத்துகிற கையும் ஒன்றே. ராம் நடுவில் நிற்காது என்று முன்னாலேயே சொன்னேன்.

அவன் கத்தவில்லை. "ண்ணா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். நான் ஓடினேன். யாரோ மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியைக் கொத்தாக அள்ளிக்கொண்டு வந்து கையைச் சுற்றினார்கள். அவனைக் கீழே உட்காரவைத்தோம். பரசுராமன் சார் வந்தார். அவர் முதலில் கஜாவைப் பார்க்கவில்லை. பொத்தானைப் பார்த்தார். பிறகு பென்சிலால் மெஷின் தூணில் தட்டினார். டக், டக்.

என் கை எழுந்து போனது. கட்டையைப் பிடுங்கியது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. இரத்தம் சொட்டுகிறது, ஒருவன் தரையில் உட்கார்ந்திருக்கிறான், நான் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். பல வருடப் பழக்கம் என்று சொல்லலாம். அந்தச் சாக்கை எனக்கு நான் கொடுத்துக்கொள்ள மாட்டேன்.

நாலு நாள் கழித்து ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் டைப் அடித்த காகிதம். எனக்குப் படிக்க வராது. பரசுராமன் சாரே தமிழில் சொன்னார். இரண்டு பொத்தானும் சரியாக வேலை செய்தன, சாட்சிகள் முன்னிலையில் சோதித்துப் பார்க்கப்பட்டது, தொழிலாளி இடது கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கட்டுப்பாடில்லாமல் கையை நீட்டிவிட்டார். நான் பேனாவைத் தொடாமல் நின்றேன்.

"கட்டையை வச்சது செட்டர்னு நான் எழுதலை, ஏழுமலை. அதையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு" என்றார். எப்போதும்போல மெதுவாக.

கையெழுத்துப் போட்டேன். கஜா கட்டுப் பிரித்து வந்தபோது அவனை மெஷினில் விடவில்லை. உனக்குத்தான் கை நிற்காதே என்று முற்றம் பெருக்க வைத்தார்கள். ஆறு மாதம் பெருக்கினான். அந்த வழியாகப் போகாமல் நான் சுற்றிக்கொண்டு கேண்டீனுக்குப் போவேன். பிறகு ஒருநாள் அவன் வரவில்லை. நான் அதற்குப் பிறகு பதினேழு வருடம் வேலை பார்த்து, கழுத்தெலும்பு தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கினேன். பரசுராமன் சார் ஓய்வு பெற்ற அன்றைக்கு அவருக்கு மாலை போட்டவர்களில் நானும் ஒருவன்.

டில்லி காகிதம் கொண்டுவந்த மூன்றாம் நாள் கஜாவைத் தேடிப்போனேன். குப்பத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறான். வலது கையில் ஸ்பானர். இடது கையின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் போல்ட்டைப் பிடித்திருந்தன. என்னைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தவில்லை.

"இன்னா செட்டரே, வழி மாறி வந்துட்டியா?"

லிஸ்ட் எடுக்கிற விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது பேருக்கு வேலை போகிறது, உன் பெயரைச் சொல்லித்தான் போகிறது என்றேன். ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"கஜா, உனக்கு ஒண்ணு தெரியாது. அன்னிக்கு அந்தக் கட்டையை..."

"நீதான் புடுங்குன. பாக்கெட்ல போட்ட. நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

நான் பக்கத்தில் கிடந்த கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்தேன்.

"கை போனவன்தான்ண்ணா, கண்ணு போனவன் இல்ல. ஆஸ்பத்திரில படுத்துக்கினு, செட்டரு சொல்லுவாரு, செட்டரு சொல்லுவாருன்னு எங்கம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். முத்தம் பெருக்கும்போதும் பாத்தேன். நீ சுத்திக்கினு போன. சர்தான்னு நானும் கெளம்பிட்டேன்."

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னேன். மூணு பேராண்ட சொன்னேன். சாட்சி கையெய்த்து போட்டுக்கீறாரே உங்க செட்டருன்னு என் மூஞ்சிக்கு நேரா காட்னாங்க." ஸ்பானரை மறுபடி எடுத்தான். "இப்ப எங்கிட்ட வந்து அழுவாத. எங்க கையெய்த்து போட்டியோ அங்க போய் சொல்லு."

எழுதித் தந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அவன் சொன்ன பிறகு எழுதுவது போதாது என்று தெரிந்தது.

போன வியாழக்கிழமை டில்லி என்னைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். நீளமான மேஜை. மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, சங்கத்து ஆட்கள், அரசாங்கத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மா. நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அதிகாரி மூளைப் படத்தை மறுபடி திரையில் போட்டார். விஞ்ஞானம், விஞ்ஞானம் என்று நாலைந்து தடவை சொன்னார். இடது கைக்காரர்களின் நன்மைக்காகத்தான் என்றும் சொன்னார். அந்த வார்த்தையில்தான் எனக்குப் பயம் விட்டுப்போனது.

"மூளையப் பத்தி எனக்குத் தெரியாது சார். அந்தப் பொத்தானப் பத்தித் தெரியும்" என்று எழுந்தேன்.

மேஜையில் இருந்த இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து அவர் முன்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்தேன். நடுவில் ஒரு தட்டு. அதில் பிஸ்கட். "நீங்க எந்தக் கையால எழுதுவீங்க சார்?"

"வலது."

"அப்ப வலது கைய வலது டம்ளர் மேல வைங்க. அது பொத்தான். இடது டம்ளர்ல கட்டை செருகியிருக்குன்னு வைங்க. இடது கையால பிஸ்கட்டைத் தட்டுக்கு நடுவுல வைங்க, டம்ளரை அழுத்துங்க, எடுங்க, மறுபடி வைங்க. வேகமா சார். ஒரு மணிக்கு முந்நூறு."

சிரித்துக்கொண்டே செய்தார். ஏழெட்டு தடவை ஒழுங்காகச் செய்தார். வேகமா, வேகமா என்றேன். பிஸ்கட் நழுவித் தட்டின் விளிம்புக்குப் போனது. டம்ளரை அழுத்திய அதே கை, அவருடைய வலது கை, பாய்ந்து வந்து பிஸ்கட்டை நடுவில் தள்ளியது. நான் என் உள்ளங்கையை அவர் விரல்கள் மேல் வைத்து அழுத்தினேன். மெதுவாகத்தான். அவர் கையை உதறி எடுத்தார்.

"உங்களுக்கு மூளை நேராத்தான சார் இருக்குது? அப்புறம் எப்படி விரல் போச்சு?"

கட்டையைப் பற்றி எல்லாம் சொன்னேன். செதுக்கியது, செருகியது, வலது பக்கமே வை என்று பரசுராமன் சார் சொன்னது, அவர் பென்சில், என் சட்டைப் பை. ஷாப்பில் எட்டு பழைய மெஷின்கள் இன்றும் ஓடுகின்றன, ஒப்பந்த ஆட்களை அதில்தான் நிறுத்துகிறார்கள், இப்போது கட்டைக்குப் பதில் பாட்டில் மூடியும் டேப்பும் என்று டில்லி சொன்னான். மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார்.

ஆய்வாளர் அம்மா பழைய அறிக்கையை என் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னிக்குதான்மா பொய்."

"உங்க மேல நடவடிக்கை வரலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"வரட்டும்மா. மொதல்ல அந்தக் காகிதத்தை மாத்துங்க. ஒம்பது பேர் வூட்ல அடுப்பு எரியணும்."

அவர் எழுந்து, மெஷின்களை இப்போதே பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, யாருக்கும் காத்திருக்காமல் ஷாப்புக்குள் நடந்தார். மூன்று மெஷின்களில் பாட்டில் மூடியைப் பிடித்தார். எடுக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

லிஸ்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். கிழித்துப் போடவில்லை, நிறுத்திவைத்திருக்கிறார்கள். பழைய விபத்துக்கு மறு விசாரணை என்று கடிதம் வந்திருக்கிறது. கஜாவுக்கும் வந்திருக்கிறது. வருவதாகச் சொல்லியிருக்கிறான். என்னோடு வரமாட்டானாம், தனியாக வருவானாம். அது அவன் இஷ்டம். நான் அவன் பக்கத்தில் உட்காரப் போவதில்லை. பதில் சொல்லவேண்டியவர்கள் உட்காரும் வரிசையில் உட்காருவேன். அந்த வரிசையில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லி ஆய்வாளர் அம்மாவுக்கு என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். பரசுராமன் சார் மாதவரத்தில்தான் இருக்கிறார். தினமும் காலையில் வாக்கிங் போகிறார், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வருவதற்கு அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்காது.